ஊக்கமருந்தும் உயிர்க்கூட்டமும்

மருந்தை எடையால் அளப்பது மருத்துவ உலகின் மரபு. இத்தனை மில்லிகிராம் கொடுத்தால் உறக்கம் வரும், இத்தனை கொடுத்தால் வலி நீங்கும், அதற்கும் மேற்பட்டால் உயிர் போகும் என்று நூல்கள் பட்டியலிட்டுக் கூறும். அப்பட்டியலில் நோயாளியின் வயது இருக்கும். உடல் எடை இருக்கும். அவர் யாருடன் இருக்கிறார் என்பதற்கு அங்கே இடமில்லை. மருந்து உடலுக்குள் சென்று வேலை செய்வது. அதற்கும் பக்கத்தில் இருப்போர்க்கும் என்ன தொடர்பு என்றே எவரும் கேட்பர். இக்கேள்விக்கு எதிர்பாராத விடையை முதலில் தந்தவர் மருத்துவப் பேரறிஞர் எவருமல்லர். கூண்டில் அடைபட்ட சில சுண்டெலிகளே அவ்விடையைத் தந்தன.

இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த 1940ஆம் ஆண்டில், பிரிட்டனில் கன், கர்ட் என்னும் மருந்தியலார் இருவர் அட்ரினலினை ஒத்த வேதிப்பொருள்கள் சிலவற்றைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி ஆராய்ந்தனர். ஒரே கூண்டில் பலவாக இருந்த எலிகள், தனித்திருந்தவற்றைவிட எளிதில் மடிவதை அவர்கள் கண்டு குறித்து வைத்தனர். ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1946இல், மைக்கேல் சான்ஸ் என்னும் ஆய்வாளர் அக்குறிப்பையே தம் ஆய்வின் பொருளாக எடுத்துக்கொண்டார். அவர் பெற்ற முடிவு வியப்புக்குரியது. தனியே விடப்பட்ட சுண்டெலி தாங்கிக்கொள்ளும் ஆம்பெட்டமைன் அளவில் ஒரு சிறு பகுதியே, கூட்டமாக அடைக்கப்பட்ட சுண்டெலிகளைக் கொல்வதற்குப் போதுமானதாக இருந்தது. கூண்டு நெருக்கமாக நெருக்கமாகச் சாவு மிகுந்தது. அறையின் வெப்பம் உயர்ந்தபோதும் மிகுந்தது.

இதன் காரணம் பின்னர் ஒருவாறு விளங்கிற்று. ஆம்பெட்டமைன் உடலின் வெப்பத்தை உயர்த்தும், ஓய்வின்றி இயங்கவைக்கும். தனித்த எலி கூண்டைச் சுற்றி ஓடும், மோந்து பார்க்கும், ஒரு மூலையில் சென்று நிற்கும். அதன் பரபரப்புக்கு எதிரொலி இல்லை. பத்து எலிகள் ஒன்றாக இருக்குமிடத்தில் ஒன்று அசைந்தால் மற்றொன்று திடுக்கிடும். அது துள்ளினால் மூன்றாவது பாயும். ஒவ்வொன்றும் மற்றதற்கு ஊக்கமருந்தாகிவிடுகிறது. உடல்கள் நெருங்கியிருப்பதால் வெப்பம் வெளியேறவும் வழியில்லை. முடிவில் வெப்பமே கொல்கிறது. குளிர்ந்த அறையில் வைத்தால் இச்சாவு குறைவதைப் பின்வந்தோர் மெய்ப்பித்தனர். ஆகவே ஆம்பெட்டமைனுக்குக் ‘கொல்லும் அளவு’ என்று ஒரே எண்ணை எழுதிவைப்பது இயலாததாயிற்று. இடமும் பொருளும் மிச்சமாகட்டும் என்று எலிகளை ஒன்றாக அடைத்துவைப்பது ஆய்வுக்கூடங்களின் நெடுநாளைய வழக்கம். மருந்தின் எண்கள் என்று நம்பப்பட்டவற்றுள் எத்தனை உண்மையில் கூண்டின் எண்களாக இருந்தனவோ!

இம்மருந்து எலிக்கூண்டுக்கு வந்துசேர்ந்த வரலாறும் அறியத் தக்கதே. சீன மருத்துவத்தில் ‘மா ஹுவாங்’ எனப்படும் செடி இருமலுக்கும் இரைப்புக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. ஜப்பானிய வேதியலார் நாகாய் நாகாயோஷி 1885ஆம் ஆண்டில் அச்செடியிலிருந்து எபிட்ரின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தார். 1893இல் அதிலிருந்து மெத்தம்பெட்டமைனையும் ஆக்கினார். இதற்கிடையில், 1887இல், ருமேனியரான எடெலியானு பெர்லினில் ஆம்பெட்டமைனை உருவாக்கியிருந்தார். என்ன பயன் என்று அறியாமல் அது நாற்பதாண்டுகளுக்கு மேல் நூல்களில் வெறும் பெயராகக் கிடந்தது. எபிட்ரினுக்கு மாற்றாக இரைப்பு நோய்க்கு ஒரு மருந்து தேடிய அமெரிக்கரான கோர்டன் ஆலெஸ் என்பவரே அதற்கு உயிர் கொடுத்தவர். அவர் 1929இல் அதைத் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்தார். நெஞ்சு படபடத்தது, உள்ளத்தில் ஒரு நலவுணர்வு பரவிற்று, அன்றிரவு விருந்தில் வழக்கத்தினும் மிகுதியாகப் பேசினார், பின்னர் உறக்கம் பிடிக்கவில்லை. இரைப்பு நோய்க்கெனப் புறப்பட்ட மருந்து, முதல் நாளிலேயே ஒரு மனிதரை விருந்து மேசையில் கலகலப்பானவராக்கிவிட்டது. மனிதரின் உறவாடலில் ஆம்பெட்டமைன் செய்யும் மாற்றம் பற்றிய முதற்குறிப்பு இதுவே எனலாம்.

1930களில் இம்மருந்து ‘பென்சிட்ரின்’ என்னும் பெயரில், மூக்கடைப்புக்கு உறிஞ்சும் சிறு குழாயாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. பின்னர் மாத்திரையாகவும் வந்தது. மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் சோதனைக்காக வழங்கப்பட்ட மாத்திரையின் புகழ் மாணவரிடையே பரவ, தேர்வுக்கு முன் இரவெல்லாம் விழித்துப் படிக்க அதை நாடுவோர் தோன்றினர். பத்தாண்டு முடிவதற்குள் போர் வந்தது. ஜெர்மனியில் 1938இல் விற்பனைக்கு வந்த ‘பெர்விட்டின்’, மெத்தம்பெட்டமைனே ஆகும். 1940ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான நான்கு மாதங்களில் மட்டும் ஏறத்தாழ 3 கோடியே 50 இலட்சம் மாத்திரைகள் ஜெர்மானியத் தரைப்படைக்கும் வான்படைக்கும் அனுப்பப்பட்டன. நேசநாடுகளும் தங்கள் வீரர்க்குப் பென்சிட்ரின் வழங்கின. அவர்கள் நடத்திய சோதனைகளில், மருந்துண்டவரின் திறமை உயர்ந்ததைவிடத் திறமை உயர்ந்துவிட்டது என்ற நம்பிக்கையே மிகுதியாக உயர்ந்தது. படைத்தலைவர்களுக்கு அந்த நம்பிக்கையே போதுமானதாக இருந்தது போலும்.

ஜப்பானில் 1941இல் இம்மருந்து ‘ஹிரோப்பொன்’ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. உழைப்பை விரும்புதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. போர்க்காலத்தில் தொழிற்சாலைகளிலும் படைமுகாம்களிலும் உழைப்பை வாங்கிய அம்மருந்தின் இருப்பு, 1945இல் நாடு தோற்றபின் பொதுச்சந்தைக்கு வந்தது. வீடும் வேலையும் இழந்த மக்கள் நிறைந்த நகரங்களில் அது காட்டுத்தீயாய்ப் பரவிற்று. 1951இல் ஊக்கமருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அப்படியும் 1954ஆம் ஆண்டில் மட்டும் 55,000க்கு மேற்பட்டோர் அச்சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டனர். கடுமையான தண்டனையும் கட்டாய மருத்துவமும் ஒருபுறம், பொருளாதார மீட்சி மறுபுறம் என இரண்டும் சேர்ந்து அடுத்த சில ஆண்டுகளில் அவ்வெண்ணிக்கையைச் சில நூறுகளாகக் குறைத்தன. இவற்றுள் எது பெரிதும் உதவிற்று என்பது இன்றும் வாதத்துக்குரியது. மனிதர் மீண்டும் வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்பிய காலமும் அதுவே என்பதை மறத்தலாகாது. ஜப்பானியத் தெருவழக்கில் இம்மருந்துக்கு வழங்கிய ‘ஷாபு’ என்னும் பெயரே மலாய் மொழியில் ‘சியாபு’ என வழங்குகிறது. மலேசியச் செய்தித்தாள்களைப் படிப்போர்க்கு அச்சொல்லைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

போருக்குப் பிந்திய இந்த ஆண்டுகளில்தான் மருத்துவர்கள் ஊக்கமருந்தின் மற்றொரு முகத்தைக் கண்டனர். லண்டனில் பிலிப் கானல் என்னும் மனநல மருத்துவர் 42 நோயாளிகளை ஆராய்ந்து 1958இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆம்பெட்டமைனை மிகுதியாக உட்கொண்ட அவர்களுக்கு நினைவு தெளிவாகவே இருந்தது. நாளும் இடமும் தெரிந்தது. ஆனால் தெருவில் செல்வோர் தம்மைப் பின்தொடர்கின்றனர், அண்டைவீட்டார் தமக்கெதிராகச் சதி செய்கின்றனர் என்று உறுதியாக நம்பினர். மருந்தை நிறுத்தியபின் பெரும்பாலோரின் நம்பிக்கை சில நாள்களில் அகன்றது. விருந்தில் ஆலெஸைக் கலகலப்பாக்கிய அதே மருந்து, இங்கே மனிதரை மனிதரிடமிருந்து வெருண்டோடச் செய்தது. அளவும் காலமும் மாறியதால் விளைவும் மாறிற்று என்பது ஒரு விளக்கம். அது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று.

சான்ஸின் சுண்டெலிகளை நினைவில் கொண்டிருந்தோர் சிலர் இருந்தனர். அவருள் ஒருவர் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த டேவிட் ஸ்மித். கூட்டமாக அடைக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு ஆம்பெட்டமைன் கொடுத்து ஆராய்ந்த அவர், 1967இல் அந்நகரின் ஹெயிட்-ஆஷ்பரி பகுதியில் இலவச மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். அன்பும் அமைதியும் பேசிக்கொண்டு ஆயிரக்கணக்கான இளைஞர் அப்பகுதியில் வந்து நெருங்கிக் குடியேறிய காலம் அது. மெத்தம்பெட்டமைன் ஊசி அங்கே பரவியதும் அமைதி குலைந்தது. ஐயமும் அடிதடியும் மிகுந்தன. எலிக்கூண்டில் கண்டதைத் தெருவில் கண்டது போன்ற உணர்வு ஓர் ஆய்வாளர்க்கு எழுவது இயல்பே. எனினும் எலியிலிருந்து மனிதனுக்கு ஒரே தாவலில் தாவுவது அறிவியல் ஆகாது. அத்தெருவில் வறுமை இருந்தது, பசி இருந்தது, கள்ளச்சந்தையின் போட்டி இருந்தது. எலிக்கும் மனிதனுக்கும் இடையே ஒரு படி தேவைப்பட்டது.

மனிதரை நேரே சோதித்தவர்களும் உண்டு. 1962இல் சாக்டர், சிங்கர் என்னும் உளவியலார் இருவர், பார்வையைக் கூர்மையாக்கும் உயிர்ச்சத்து என்று சொல்லி மின்னசோட்டா மாணவர்க்கு அட்ரினலின் ஊசி போட்டனர். நெஞ்சு படபடப்பது மருந்தினால் என்று சிலருக்குச் சொன்னார்கள், சிலருக்குச் சொல்லவில்லை. பின்னர் ஒவ்வொருவரையும் வேறொருவருடன் ஓர் அறையில் இருத்தினர். அந்த வேறொருவர் ஆய்வாளரால் முன்னரே பயிற்றப்பட்டவர். ஓர் அறையில் அவர் காகித வானூர்தி செய்து பறக்கவிட்டுக் கூத்தடித்தார். மற்றோர் அறையில் வினாத்தாளைக் கண்டு சினந்து கிழித்தெறிந்தார். காரணம் அறியாத மாணவர் தம் படபடப்பை ஓரறையில் மகிழ்ச்சியாகவும் மற்றோரறையில் சினமாகவும் கொள்ள முனைந்தனர் என்று ஆய்வாளர் முடிவு கூறினர். இச்சோதனை பாடநூல்கள்தோறும் இடம்பெற்றது. ஆனால் 1979இல் இதைப் போலவே திரும்பச் செய்து பார்த்தவர்கள் அதே முடிவைப் பெறவில்லை. புகழ்பெற்ற முடிவுகளெல்லாம் நிலைபெற்ற முடிவுகளல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

எலிக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட படியைத் தேடியோர் குரங்குகளிடம் சென்றனர். இவ்வழியில் முதலில் திரும்பியவருள் சான்ஸும் ஒருவர் என்பது இவ்வரலாற்றின் இனிய செய்தி. கூட்டமே மருந்தின் விளைவை மாற்றுகிறதென்றால் கூட்டம் என்பது என்ன என்ற கேள்வி அவரை விடவில்லை. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருந்து அவர் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்தார். குரங்குக் கூட்டத்தில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதைக் கொண்டே அக்கூட்டத்தின் அமைப்பை அறியலாம் என்று 1967இல் எழுதினார். தலைமைக் குரங்கு எவரையும் கவனிக்க வேண்டியதில்லை. கீழ்நிலைக் குரங்குகளின் கண்ணோ எந்நேரமும் தலைமையின் மீதே இருக்கும். வகுப்பறையிலும் அலுவலகத்திலும் சிறிது நேரம் அமர்ந்து பார்ப்போர் இதற்கு வேறு சான்று தேடார்.

1970களில் சிகாகோவில் ஷ்லெம்மர், டேவிஸ் ஆகியோர் குட்டைவால் குரங்குகளுக்கு ஆம்பெட்டமைன் கொடுத்துப் பார்த்தபோது, மாற்றம் முதலில் கண்ணிலேயே தெரிந்தது. மருந்துண்ட குரங்கு ஓயாமல் அங்குமிங்கும் நோக்கிற்று. ஒருவரும் அச்சுறுத்தாதபோதே பணிந்து காட்டிற்று. பிற குரங்குகளிலிருந்து விலகி அமர்ந்தது. குரங்குகளிடையே ஒன்றுக்கொன்று மயிர் கோதிப் பேன் பார்த்தல் என்பது தூய்மைக்கான செயல் மட்டுமன்று. நட்பும் சமாதானமும் அதன்வழியே பேணப்படுகின்றன. அந்தப் பழக்கம் மருந்துண்ட குரங்கிடம் அருகிற்று. கானலின் நோயாளிகள் வாயால் சொன்னதைக் குரங்கு உடலால் சொன்னது போல் இருந்தது. மனநோய்க்குத் தரப்படும் மருந்துகளைக் கொடுத்தபோது இவற்றுட் பல மறைந்தன.

ஸ்டான்ஃபோர்டில் ஹேபரும் பார்க்காஸ் இணையரும் ரீசஸ் குரங்குகளிடம் கண்டது இன்னும் நுட்பமானது. ஒரே கூட்டத்தில் ஒரே மருந்தைப் பெற்ற குரங்குகள் ஒரே வகையாக மாறவில்லை. உயர்நிலையில் இருந்தது மருந்துண்டதும் மேலும் மிரட்டிற்று, துரத்திற்று. தாழ்நிலையில் இருந்தது மேலும் பணிந்தது, ஒடுங்கிற்று. மருந்து புதிய குணம் எதையும் கொண்டுவந்து ஊட்டவில்லை; அவ்வுயிர் கூட்டத்தில் எந்தப் படியில் நின்றதோ அந்தப் படியின் நடத்தையையே மிகைப்படுத்திற்று. சண்டை மூட்டும் மருந்து, அச்சம் தரும் மருந்து என்று ஆம்பெட்டமைனுக்குப் பட்டம் சூட்டியோர் அனைவரும் கூட்டத்தின் ஒரு மூலையை மட்டும் பார்த்தவர்களே என்பது இதனால் தெளிவாயிற்று.

காலத்தின் பங்கையும் ஓர் ஆய்வு காட்டிற்று. லாஸ் ஏஞ்சலிஸில் எலிசன் என்பார் ஒரு கூட்டமாக வாழும் எலிகளின் தோலுக்கடியில், ஆம்பெட்டமைனைச் சிறிது சிறிதாகக் கசியவிடும் குளிகையை வைத்தார். 1978இல் அவரும் துணைவரும் வெளியிட்ட முடிவின்படி, திடுக்கிட்டு ஓடுதலும் முறைகெட்ட சண்டையும் மருந்து ஏறிய தொடக்கத்தில் தோன்றவில்லை. சில நாள் கழிந்தபின்னரே தோன்றின.

இதுவரை கூறியவை கூண்டையும் நோயையும் பற்றியவை. இதே மருந்து பள்ளி வகுப்பறைக்குள் நுழைந்த கதை வேறு. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், மூளைக்காய்ச்சலால் ஊனமுற்ற தம் ஒரே மகள் எம்மாவின் நினைவாக ஒரு செல்வர் விட்டுச்சென்ற பொருளில், சிறுவர்க்கான மருத்துவமனை ஒன்று 1931இல் திறக்கப்பட்டது. அங்கே மருத்துவராயிருந்த சார்லஸ் பிராட்லி, சிறுவர்களின் தண்டுவட நீரை எடுத்து எக்ஸ்ரே படம் பிடிக்கும் சோதனையைச் செய்துவந்தார். அச்சோதனைக்குப்பின் கடுந்தலைவலி வரும். அதைத் தணிக்கலாம் என்றெண்ணிப் பென்சிட்ரின் கொடுத்தார். தலைவலியில் பெரிய மாற்றமில்லை. ஆனால் ஆசிரியர்கள் வந்து, சில பிள்ளைகள் பாடத்தில் திடீரென்று ஈடுபாடு காட்டுகின்றனர் என்று சொன்னார்கள். பிராட்லி ஐந்து முதல் பதினான்கு வயது வரையிலான 30 பிள்ளைகளுக்கு ஒரு வாரம் மருந்து கொடுத்துப் பார்த்து, 1937இல் முடிவை வெளியிட்டார். அவர்களுள் பாதிப்பேர் பள்ளிப்பாடத்தில் வியக்கத்தக்க முன்னேற்றம் காட்டினர். கூச்சலும் சண்டையுமாக இருந்த பலர் அடங்கி அமைந்தனர். மருந்தை நிறுத்திய நாளிலேயே பழைய நிலை திரும்பிற்று. பிள்ளைகள் அதைக் ‘கணக்கு மாத்திரை’ என்றழைத்தனர்.

கிளர்ச்சியூட்டும் மருந்து துடுக்கான பிள்ளையை அடக்குவது எப்படி என்பது பிராட்லிக்கே புதிராயிருந்தது. இத்தகைய பிள்ளைகளின் மூளை தலைகீழாக இயங்குகிறது என்று பலர் நெடுங்காலம் நம்பினர். மருந்து வேலை செய்தால் பிள்ளைக்கு அந்த நோய் உண்டென்று பொருள் என்று வாதிட்டோரும் உளர். 1978இல் ஜூடித் ராப்பபோர்ட் என்னும் மருத்துவர், எவ்விதக் குறையுமில்லாத 14 சிறுவர்களுக்கு ஒருவேளை மருந்து கொடுத்துப் பார்த்தார். அவர்களும் அசைவு குறைந்து அமைதியாகிக் கவனம் கூடினர். நோயை அறியும் உரைகல்லாக மருந்தைக் கொண்ட வாதம் அன்றோடு சரிந்தது. சரிந்த வாதங்கள் பெற்றோர் பேச்சில் இன்றும் நடமாடுவது வேறு செய்தி.

ஆசிரியர்கள் தனியே நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய ஆய்வு 1980இல் வந்தது. கலிபோர்னியாவில் வேலன், ஹெங்கர், டொட்டமோட்டோ ஆகிய மூவரும் ஒரு வகுப்பறையை அமைத்தனர். துடுக்கு மிகுந்த சிறுவர் சிலர்க்கு ஒருநாள் மெத்தில்பெனிடேட் என்னும் ஊக்கமருந்தும் ஒருநாள் வெற்று மாத்திரையும் தரப்பட்டன. எது எந்நாள் என்று ஆசிரியர்க்குத் தெரியாது. ஆய்வாளர் சிறுவரைக் கவனித்ததோடு நில்லாமல், ஆசிரியரின் நடத்தையையும் எண்ணிக் குறித்தனர். வெற்று மாத்திரை உண்ட சிறுவரிடம் ஆசிரியர் உரத்துப் பேசினார், அடிக்கடி கட்டளையிட்டார், நெருக்கிக் கண்காணித்தார். அதே சிறுவர் மருந்துண்ட நாளில், மற்றப் பிள்ளைகளிடம் நடந்துகொள்வதைப் போன்றே அவரிடமும் நடந்துகொண்டார். மாத்திரையை விழுங்கியவர் மாணவர். குரல் தணிந்தவர் ஆசிரியர்! அதற்கு முந்திய ஆண்டில் பார்க்லி, கன்னிங்ஹாம் என்போர் தாய்மாரிடம் கண்டதும் இதுவே: பிள்ளை மருந்துண்டு சொற்படி கேட்கத் தொடங்கியதும், தாயின் ஏவலும் அதட்டலும் குறைந்தன. அதுநாள்வரை தாயின் கடுமையே பிள்ளையின் துடுக்குக்குக் காரணம் என்று பழி சுமத்தி வந்தோர் உண்டு. காரணமும் விளைவும் இடம் மாறி நின்றதை அந்த ஆய்வு வெளிப்படுத்திற்று.

இந்த நற்செய்திக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. இளம் எலிகள் ஒன்றன்மேல் ஒன்று பாய்ந்தும் உருண்டும் விளையாடும் இயல்புடையவை. ஆம்பெட்டமைனோ மெத்தில்பெனிடேட்டோ சிறிதளவு கொடுத்தாலும் அவ்விளையாட்டு அறவே நின்றுவிடுவதை 1982இல் பீட்டி என்பாரும் துணைவரும் காட்டினர். அந்த எலிகள் சோர்ந்து கிடப்பதில்லை. ஓடுகின்றன, மோந்து பார்க்கின்றன, தோழனை அணுகவும் செய்கின்றன. விளையாடத்தான் மறுக்கின்றன. நெதர்லாந்தில் வாண்டர்ஷூரன் குழுவினர் 2008இல் இதன் மூளைவழியையும் ஆராய்ந்து தெளிவாக்கினர். மருந்தால் பயனடையும் பிள்ளைகள் உண்மையிலேயே உள்ளனர். அவர்களுக்கு அதை மறுப்பது கொடுமை. ஆனால் வகுப்பில் அமைதியாய் அமர்ந்திருக்கும் பிள்ளை, ஓய்வு நேரத்தில் திடலில் என்ன செய்கிறான் என்பதை மருத்துவர் காண்பதில்லை. அதைக் காணக்கூடியவர் ஆசிரியர் ஒருவரே.

மீண்டும் குரங்குகளிடம் வருவோம். பத்துமலைப் படிகளில் பக்தரின் கையிலிருந்து வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடும் நீள்வால் குரங்கை மலேசியாவில் அறியாதார் இலர். மலாயில் ‘கெரா’ எனப்படும் இக்குரங்கினமே உலகின் ஆய்வுக்கூடங்களில் மிகுதியாகப் பயன்படுவனவற்றுள் ஒன்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நேடரும் மார்கனும் துணைவரும் இவ்வினத்து ஆண்குரங்குகள் 20ஐ முதலில் தனித்தனியே வளர்த்தனர். உயிருள்ள மூளையைப் படமெடுக்கும் கருவியால் அவற்றின் மூளையில் டோபமின் என்னும் பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை அளந்தனர். கோக்கேன், ஆம்பெட்டமைன் முதலிய ஊக்கமருந்துகள் யாவும் தம் வேலையை இந்த டோபமினைக் கொண்டே பெரிதும் நடத்துகின்றன. பின்னர் அக்குரங்குகளை நான்கு நான்காகச் சேர்த்து வாழவிட்டனர். சில நாளில் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்று தலைமை ஏற்றது. ஒன்று கடைநிலைக்குச் சென்றது. மூன்று மாதம் கழித்து மீண்டும் அளந்தபோது, தலைமைக் குரங்குகளின் மூளையில் அந்த ஏற்பிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தன. கீழ்நிலையில் இருந்தவற்றில் மாற்றமில்லை. தனித்து வாழ்ந்தபோது எடுத்த அளவுகளில் இவ்வேறுபாடு இல்லை. எனவே மூளை நிலையைத் தீர்மானிக்கவில்லை. நிலையே மூளையை மாற்றியிருக்கிறது.

அடுத்து, நெம்புகோலை அழுத்தினால் கோக்கேன் கிடைக்கும்படி செய்தார்கள். கீழ்நிலைக் குரங்குகள் அதை நாடி மீண்டும் மீண்டும் அழுத்தின. தலைமைக் குரங்குகள் வெறும் உப்புநீருக்குக் காட்டிய நாட்டத்துக்கு மேல் அதற்குக் காட்டவில்லை. 2002இல் வெளிவந்த இம்முடிவு பலரால் விரும்பி எடுத்துரைக்கப்பட்டது. ஒடுக்கப்பட்டோரே போதைக்கு இரையாகின்றனர் என்னும் கருத்துக்கு மூளையிலிருந்தே சான்று கிடைத்துவிட்டதல்லவா? ஆனால் அதே ஆய்வுக்கூடம் பின்னர் வெளியிட்டவற்றையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். கோக்கேன் பழக்கம் நீண்டபோது தலைமைக் குரங்குகளுக்கு இருந்த காப்பு தேய்ந்தது, வேறுபாடு மங்கிற்று. 2012இல் பெண்குரங்குகளிடம் செய்த ஆய்விலோ, தலைமைக் குரங்குகளே கோக்கேனை விரைவில் பழகிக்கொண்டன. கூட்டத்தில் உள்ள நிலை மருந்தின் ஆற்றலை மாற்றுகிறது என்பது உறுதியாயிற்று; எந்நிலை எவ்வாறு மாற்றும் என்பதற்கு ஒரே வாய்பாடு கிடைக்கவில்லை.

கூட்டம் மருந்தை மாற்றுமாயின், கூட்டம் மருந்தை வெல்லவும் கூடுமா? பால்டிமோரில் வெனிரோ, ஷாஹம் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இக்கேள்வியை எழுப்பிற்று. எலிகளுக்கு இரண்டு நெம்புகோல்கள். ஒன்றை அழுத்தினால் மெத்தம்பெட்டமைன், அதாவது சியாபு, இரத்தத்தில் சேரும். மற்றொன்றை அழுத்தினால் ஒரு சிறு கதவு திறந்து, பக்கத்து அறையிலுள்ள தோழன் எலியோடு ஒரு நிமிடம் பழகலாம். மருந்துக்கு அடிமையானவை என்று எல்லா அளவைகளாலும் முடிவு செய்யப்பட்ட எலிகள்கூட, ஏறத்தாழ எல்லா முறையும் கதவையே தேர்ந்தெடுத்தன. ஒவ்வொரு எலியையும் தனிக்கூண்டில் அடைத்து, மருந்தைத் தவிர வேறெதையும் தராமல் போதைப்பழக்கத்தை ஆராய்ந்து வந்த நெடிய மரபுக்கு இது பெரியதோர் கேள்வியாயிற்று. சான்ஸ் கூட்டத்தில் சாவைக் கண்டார். எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அதே கூட்டத்தில் மருந்துக்கு மாற்று காணப்பட்டது. நெருக்கி அடைக்கப்பட்ட பத்து எலிகளும், தானே கதவைத் திறந்து தோழனைச் சந்திக்கும் ஓர் எலியும் ஒன்றல்ல என்பதே இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு.

அந்த ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. தோழனை நாடி நெம்புகோலை அழுத்தியதும் கதவு திறக்காமல், காலம் தாழ்த்தித் திறக்கும்படி செய்தார்கள். வேறு சில எலிகளுக்கு, கதவை நாடும்போதெல்லாம் காலில் மெல்லிய மின்னதிர்ச்சி தந்தார்கள். காத்திருப்பு நீண்டபோதும் அதிர்ச்சி கூடியபோதும், எலிகள் கதவை விட்டு நகர்ந்து மருந்து நெம்புகோலுக்குத் திரும்பின.